ஒரே பெட்டிக்குள் வாழ்ந்த கவிஞர்கள்

புனைபெயர் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய விடயமன்று. பாரதியார் ஷெல்லிதாசன் என்ற பெயரிலும் எழுதினார். புதுமைப்பித்தன் என்பதே ஒரு புனைபெயராக இருக்க, அவர் கவிதை எழுதும்போது வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளையாகி விடுவார். எமது நாட்டில் உருத்திரமூர்த்தி மகாகவியானார், சின்னத்துரை நீலாவணனானார், ஏறாவூர் சாலிஹ் புரட்சிக்கமாலானார். திருகோணமலையிற் பிறந்த பிரமிளோ எண்சோதிட நம்பிக்கையினால் தமது பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டவர். ஆயினும் இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெயர் மாறியது, ஆள் மாறவில்லை. எந்தப் பெயரில் அச்சேறினாலும் பிரமிளின் வரி பிரமிளின் வரியாகவே இருந்தது.

போர்த்துக்கலின் தலைநகரான லிஸ்பனில் வாழ்ந்த பெர்னாண்டோ பெசோவாவின் கதை வேறு வகையானது. 1935 நவம்பர் 30 ஆந் திகதி, தமது 47 ஆவது வயதில் அவர் மரணமடைந்தபோது, அவரை ஒரு பெருங்கவிஞராக அறிந்திருந்தோர் மிகச் சிலரே. தாய்மொழியில் அவர் வெளியிட்டிருந்த கவிதை நூல் ஒன்றே ஒன்று. ஆனால், அவர் விட்டுச்சென்ற உடைமைகளுள் மரப்பெட்டியொன்று இருந்தது. அதற்குள் 25,000 க்கும் மேற்பட்ட தாள்கள். கவிதைகள், கடிதங்கள், தத்துவக் குறிப்புகள், முற்றுப்பெறாத நாடகங்கள், சோதிடக் கணிப்புகள், ஒருபோதும் நிறைவேறாத வர்த்தகத் திட்டங்கள் யாவும் அதில் கலந்து கிடந்தன. அவற்றுட் கணிசமானவை பெசோவா என்ற பெயரில் எழுதப்பட்டவையல்ல. அந்தத் தாள்களிற் காணப்படும் கற்பனை எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்பதை அறிஞர்கள் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1990 இல் தெரேசா ரீட்டா லோப்பேஸ் என்ற ஆய்வாளர் 72 பெயர்களைப் பட்டியலிட்டார். 2013 இல் ஜெரோனிமோ பிசாரோ, பத்ரிசியோ பெராரி ஆகிய இருவரும் வெளியிட்ட தொகுப்பில் அத்தொகை 136 ஆக உயர்ந்தது. எனினும், இந்த எண்களைக் கண்டு வியந்து நிற்பது அவசியமற்றது. இவர்களுட் பலர் ஒரு கையொப்பத்துக்கு மேல் வளராதவர்கள். முழு வளர்ச்சி பெற்ற கவிஞர்கள் மூவர் மாத்திரமே. பெசோவாவையும் சேர்த்தால் நால்வர்.

பெசோவா 1888 ஜூன் 13 ஆந் திகதி லிஸ்பனிற் பிறந்தார். தந்தையார் பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதியவர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கையில் அவர் காசநோயினால் இறந்தார். அடுத்த சில மாதங்களில் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் இறந்துபோனான். அந்த வெறுமை சூழ்ந்த வீட்டில், ஆறு வயதுச் சிறுவன் தனக்கென ஒரு பிரெஞ்சுக்கார நண்பனைக் கற்பனையில் உருவாக்கி, அவனிடமிருந்து தனக்கே கடிதங்கள் எழுதினான். செவாலியே த பா என்பது அந்த நண்பனின் பெயர். பின்னாளில் நிகழ்ந்தவை அனைத்துக்கும் இதுவே வித்து என்று பெசோவாவே கூறியிருக்கிறார்.

தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றுத்தந்தை தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் போர்த்துக்கலின் கொன்சலாகக் கடமையாற்றியவர். 1896 இல் சிறுவன் அங்கு கொண்டுசெல்லப்பட்டான். ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தான். 1903 இல் நடைபெற்ற பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் 899 பரீட்சார்த்திகளுள் சிறந்த ஆங்கிலக் கட்டுரைக்கான விக்டோரியா மகாராணி நினைவுப் பரிசு இந்தப் போர்த்துக்கேய மாணவனுக்கே கிடைத்தது. வீட்டில் ஒரு மொழி, பாடசாலையில் இன்னொரு மொழி, இரண்டுக்கும் வெளியே ஓர் அந்நிய நகரம். இத்தகைய பிள்ளைப்பருவம் எப்படிப்பட்டது என்பதை, இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் வாழும் குடும்பங்களைக் கொண்ட எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேர்பனிலேயே அவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதும் கற்பனை மனிதர்களைப் படைக்கத் தொடங்கிவிட்டார். அவர்களுள் அலெக்சாண்டர் சேர்ச் என்பவர் பெசோவா பிறந்த அதே நாளிற் பிறந்தவராக அமைக்கப்பட்டார்.

1905 இல், 17 வயதில், தனியே லிஸ்பனுக்குத் திரும்பிய பெசோவா அதன்பின் அந்த நகரை விட்டு நீங்கியது அரிது. உயர்கல்வியை இடைநடுவிற் கைவிட்டார். பாட்டியாரின் சொத்தைக் கொண்டு தொடங்கிய அச்சகம் விரைவிலேயே மூடப்பட்டது. அதன்பின் மரணம் வரையில் வர்த்தக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுதிக்கொடுப்பதே அவரது சீவனோபாயம். முழுநேர உத்தியோகத்தை அவர் ஏற்கவில்லை. எழுதுவதற்கு நேரம் வேண்டும் என்பதே காரணம். பகலில் கந்தோர், மாலையில் கோப்பிக்கடை, இரவில் வாடகை அறை. அந்த அறையின் மேசை, கதிரை, யன்னல், அலுமாரி என்று எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்நான்கு சொற்களும் அவருடைய மொழியிலிருந்தே நம்முடைய மொழிக்கு வந்தவை.

1935 ஜனவரி 13 ஆந் திகதி, அதாவது இறப்பதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன்னர், அடொல்போ கசாயிஸ் மொந்தெய்ரோ என்ற இளம் விமர்சகருக்குப் பெசோவா ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நவீன இலக்கிய வரலாற்றில் இந்த அளவுக்கு ஆராயப்பட்ட கடிதங்கள் வெகு சில. தமது கவிஞர்கள் எவ்வாறு பிறந்தார்கள் என்பதை அதில் அவர் விபரிக்கிறார். தொடக்கம் ஒரு வேடிக்கை. தமது நண்பரான மாரியோ டி சா-கார்னெய்ரோவை ஏமாற்றுவதற்காக, இல்லாத ஒரு நாட்டுப்புறக் கவிஞனை உருவாக்கி, உண்மையானவனைப் போல் அறிமுகப்படுத்த எண்ணினாராம். சில நாட்கள் முயன்றும் கைகூடவில்லை. கைவிட்ட பின்னர், 1914 மார்ச் 8 ஆந் திகதி, உயரமான அலுமாரியொன்றின் அருகே சென்று நின்றபடியே எழுதத் தொடங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள் ஒரே மூச்சில் வந்தன. எழுதியவரின் பெயர் ஆல்பர்ட்டோ கையெய்ரோ. தமக்குள் தமது குருநாதர் தோன்றிவிட்டார் என்பதே அவ்வேளையில் தாம் பெற்ற உணர்வு என்கிறார் பெசோவா. குரு தோன்றியதும் சீடர்கள் தேவைப்பட்டனர். றிக்கார்டோ ரெயிஸ் வந்தார். அவருக்கு எதிர்த்திசையிலிருந்து அல்வாரோ டி காம்போஸ் வந்தார்.

அழகான கதைதான். ஆனால் கையெழுத்துப் பிரதிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கையெய்ரோவின் கவிதைகள் ஒரே நாளில் அன்றிப் பல நாட்களில், அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டவை என்பதைப் பிரதிகளை ஆராய்ந்த அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். கற்பனைக் கவிஞர்களின் பிறப்பைப் பற்றிய வரலாறும் ஒரு பகுதி கற்பனையாகவே இருந்திருக்கிறது. இதனைப் பொய் என்று தூக்கியெறியத் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முடன் வாழ்ந்த ஒருவரின் பிறந்தநாளை ஒரு நாளாக நிர்ணயிக்க விரும்பினார் என்றே கொள்ளலாம்.

அந்த மூவரையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். கையெய்ரோ 1889 இல் லிஸ்பனிற் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை நாட்டுப்புறத்தில் ஒரு முதிய உறவுக்காரப் பெண்மணியுடன் கழித்தவர். ஆரம்பக் கல்விக்கு மேல் படிக்காதவர். 1915 இல் காசநோயினால் இறந்தவர். அவரது நோக்கில் மரம் என்பது மரம். கல் என்பது கல். அவற்றுக்குப் பின்னால் மறைபொருள் எதுவும் இல்லை. பார்ப்பதுதான் அறிவு, சிந்திப்பது கண்ணில் விழுந்த நோய் என்பது அவருடைய நிலைப்பாடு. இதனைக் கேட்கும் வாசகர், இது எளிய மனம் என்று நினைக்கலாம். ஆனால், மறைபொருள் இல்லை என்று இத்தனை தடவை, இத்தனை விதமாக வாதிடும் மனம் எளிய மனமாக இருக்க முடியாது. அந்த முரணே கையெய்ரோவின் கவிதைகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறது.

ரெயிஸ் 1887 இல் போர்த்தோ நகரிற் பிறந்த வைத்தியர். யேசுசபையினரிடம் கல்வி கற்று, லத்தீன் புலமை பெற்றவர். முடியாட்சியை ஆதரித்ததன் காரணமாக 1919 இல் பிரேசிலுக்குச் சென்றுவிட்டார். பண்டைய உரோமக் கவிஞர் ஹோரஸின் வழியில், அளந்தெடுத்த சொற்களில், விதியை ஏற்று ஆசையைச் சுருக்கி வாழும்படி அவர் பாடுகிறார். காம்போஸோ 1890 ஒக்டோபர் 15 ஆந் திகதி பிற்பகல் 1.30 மணிக்குத் தவீரா என்ற ஊரிற் பிறந்தவர். பிறந்த நேரம் வரை சொல்லப்பட்டதற்குக் காரணம், பெசோவா சோதிடத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தமையே. இவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பயின்ற கப்பற் பொறியியலாளர், ஒற்றைக் கண்ணாடி அணிபவர், உயரம் 1.75 மீற்றர், பெசோவாவை விட 2 சென்ரிமீற்றர் கூடுதல். இயந்திரங்களையும் துறைமுகங்களையும் பெருங்குரலெடுத்துப் பாடிய அவர், காலப்போக்கில் எதனாலும் அசையாத விரக்தியாளராகிறார்.

மூவரும் ஒரே மொழியை ஒரே விதமாகக் கையாளவில்லை. கையெய்ரோவின் போர்த்துக்கேய மொழி குறைபாடுடையது, காம்போஸ் இடையிடையே பிழை விடுவார், ரெயிஸ் தம்மிலும் நன்றாக எழுதுவார், எனினும் அவரது தூய்மைவாதம் மிகையானது என்று பெசோவா மதிப்பெண் வழங்குகிறார். மேலும் இவர்கள் தமக்குள் வாதிட்டுக்கொண்டனர். கையெய்ரோவின் கவிதைகளுக்கு முன்னுரை எழுதியவர் ரெயிஸ். குருவைப் பற்றி நினைவுக் குறிப்புகள் எழுதியவர் காம்போஸ். கவிதைக்கும் உரைநடைக்கும் இடையிலான வேறுபாடு குறித்து ரெயிஸும் காம்போஸும் கருத்து மோதலில் ஈடுபட்டனர். ஒருவர் மற்றவரைத் திருத்துகிறார், கேலி செய்கிறார், மறுக்கிறார். புனைபெயருக்கும் இதற்கும் இடையிலான தூரம் இப்போது தெளிவாகியிருக்கும். 1928 இல் 'பிரசென்சா' என்ற சஞ்சிகையில் வெளியான குறிப்பொன்றில் பெசோவாவே இவ்வேறுபாட்டை விளக்கினார். புனைபெயரில் எழுதுபவன் தானாகவே இருந்து, கையொப்பத்தை மட்டும் மாற்றுகிறான். தம்முடைய நிலையிலோ எழுதுபவன் தனக்கு வெளியே நிற்கும் இன்னொரு மனிதனாகிறான். இதற்கு அவர் 'ஹெத்தரோனிம்' என்று பெயரிட்டார். தமிழில் 'வேற்றாள் பெயர்' எனலாம். இதில் விநோதம் என்னவெனில், பெசோவா என்ற சொல்லுக்குப் போர்த்துக்கேய மொழியில் 'ஆள்' என்பதே பொருள். அதன் மூலமான லத்தீன் சொல் நடிகனின் முகமூடியைக் குறித்தது.

அகத்திணை மரபில் ஊறியவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. சங்கப் புலவர் தலைவியாகவும் தோழியாகவும் செவிலித்தாயாகவும் நின்று பேசுகிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார். ஆனால் அக மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சொன்னால் அந்த அனுபவம் ஒருவருக்கு மட்டுமே உரியதாகிவிடும். பெசோவா இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். பெயர், ஊர், தொழில், உயரம், பிறந்த நேரம் அனைத்தையும் கொடுத்த பின்னரே அவருடைய கவிஞர் வாய் திறக்கிறார். ஒளவையார் என்ற ஒரு பெயருக்குள் பல காலத்துப் புலவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் நமக்கு, ஒருவருக்குள் பல புலவர்களைக் காண்பது அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவது போன்றது.

இந்த விளையாட்டு காகிதத்தோடு நிற்கவில்லை. பெசோவா பணியாற்றிய கந்தோர் ஒன்றிற்கு வேலைக்கு வந்த ஒஃபேலியா கெய்றோஸ் என்ற 19 வயதுப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையே 1920 இலும், பின்னர் 1929 இலும் காதல் தொடர்பு இருந்தது. அவரது கடிதங்கள் 1978 இல் நூலாக வெளிவந்தன. சில சந்திப்புகளுக்குத் தாம் பெசோவா அல்லர், காம்போஸ் என்று கூறிக்கொண்டு அவர் வருவாராம். 1929 இல் காம்போஸின் பெயரிலேயே அப்பெண்ணுக்கு ஒரு கடிதமும் வந்தது. அவருக்குக் காம்போஸைப் பிடிக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. வாசகர்கள் இரசிக்கும் நகைச்சுவை ஒன்றுக்கு விலை கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதை, பெசோவாவைக் கொண்டாடும் கட்டுரைகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன.

நான்காவதாக இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். பெர்னார்டோ சோரஸ் என்ற உதவிக் கணக்குப்பதிவாளர், லிஸ்பனின் டோராடோரெஸ் வீதியில் உள்ள கந்தோரொன்றில் பேரேடுகளை எழுதிவிட்டு, இரவில் தமது சலிப்பைப் பற்றி உரைநடையில் எழுதுபவர். தாம் களைத்தோ உறக்கக் கலக்கத்திலோ இருக்கும் வேளைகளிலேயே சோரஸ் வருவார் என்றும், அவர் முற்றிலும் வேற்றாள் அல்லர், தம்மிலிருந்து சில பகுதிகள் வெட்டி நீக்கப்பட்ட ஒருவரே என்றும் பெசோவா எழுதினார். இவர் பெயரிலான 'அமைதியின்மையின் நூல்' 1982 இல், ஆசிரியர் இறந்து 47 ஆண்டுகள் கழித்தே, முதன்முதலாக நூலுருப் பெற்றது. தாள்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதற்கு அவர் விடை எழுதி வைக்கவில்லை. ஆகவே பதிப்பாசிரியருக்குப் பதிப்பாசிரியர் அந்நூல் மாறிக்கொண்டேயிருக்கிறது.

இத்தனையும் ஏன்? தம்மிடம் உள்ள ஒருவித நரம்புக் கோளாறே மூலகாரணம் என்று அதே கடிதத்திற் பெசோவா கூறுகிறார். இதனை அப்படியே ஏற்றுக்கொண்டு நோய் ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் உண்டு. எமக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. நோயினால் மட்டும் மூன்று இலக்கணங்கள் பிறப்பதில்லை. தமது படைப்புகளை, அங்கங்களாக அன்றி ஆட்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு நாடகம் என்று அவர் வேறோரிடத்தில் விளக்கினார். அதுவே பொருத்தமானது. ஒரு மனிதனுக்குள் ஒன்றோடொன்று பொருந்தாத எண்ணங்கள் இருக்கும். பெரும்பாலான எழுத்தாளர்கள் அவற்றைச் சமரசப்படுத்தி ஒரே குரலாக்குகிறார்கள். பெசோவா அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வோர் எண்ணத்துக்கும் ஓர் ஆளைக் கொடுத்து, அதன் எல்லை வரை செல்ல விட்டார்.

இந்நாட்டு வாசகர்களுக்கு இதில் தனியான ஓர் அக்கறையும் உண்டு. பெசோவா வாழும்போது வெளியிட்ட அந்த ஒரே போர்த்துக்கேயக் கவிதை நூல் 1934 இல் வந்த 'செய்தி'. போர்த்துக்கேய மன்னர்களையும் மாலுமிகளையும், வாஸ்கோ ட காமா உள்ளிட்ட கடலோடிகளையும் புகழும் நூல் அது. அரசின் பிரசாரச் செயலகம் அதற்குப் பரிசளித்தது. அந்தக் கப்பல்கள் 1505 இல் இந்தத் தீவுக்கும் வந்தன. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்களிடம் வீழ்ந்தது. 1626 இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அடைக்கலம் தேடியவர்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். இந்த வரலாற்றைச் சுமப்பவர்கள் 'செய்தி'யை லிஸ்பன் வாசகரைப் போல் படிக்க இயலாது; படிக்க வேண்டியதுமில்லை.

ஆனால் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பேரரசின் கனவைப் பாடும் அந்த நூல் வெளிவந்தது பெசோவாவின் சொந்தப் பெயரில். கையெய்ரோவுக்கு அந்தக் கனவு கிடையாது. தேஜோ பெருநதியையும் தமது ஊரின் சிற்றாற்றையும் ஒப்பிடும் கவிதையொன்று அவருக்கு உண்டு. கப்பல்களும் அவற்றின் நினைவுகளும் மிதக்கும் பெருநதியை விட, யாருக்கும் பெயர் தெரியாத தமது ஊர் ஆற்றின் பக்கமே அவர் சாய்கிறார். ஒரே கை எழுதிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், ஒன்றை மறுத்து மற்றொன்றை ஏற்கும் உரிமையை அந்த வேற்றாட்களே நமக்குத் தந்துவிடுகிறார்கள். பெசோவாவும் தமது சொந்தப் பெயரின் கருத்துகளில் நிலைத்து நிற்கவில்லை. ஒரு காலத்தில் இராணுவ ஆட்சியை நியாயப்படுத்தி எழுதியவர், 1935 பெப்ரவரியில் இரகசியச் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டமூலத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார். சலாசாரின் ஆட்சியைக் கிண்டல் செய்யும் கவிதைகளையும் எழுதிவைத்தார்.

வேற்றாள் பெயரில் எழுதுவது எப்போதும் இத்தகைய விடுதலையைத் தருவதில்லை. 1944 இல் அவுஸ்திரேலியாவில் ஏர்ன் மாலி என்ற, 25 வயதில் இறந்துபோன தொழிலாளிக் கவிஞரின் படைப்புகள் ஒரு நவீன சஞ்சிகையில் வெளியாகின. உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. நவீன கவிதையைக் கேலி செய்வதற்காக ஜேம்ஸ் மக்கோலி, ஹரோல்ட் ஸ்டுவர்ட் என்ற இரு கவிஞர்கள் புனைந்த பொறி அது. அதில் அகப்பட்ட ஆசிரியர் மக்ஸ் ஹரிஸ், ஏமாற்றப்பட்டது போதாதென்று, அக்கவிதைகள் ஆபாசமானவை என்ற வழக்கில் அபராதமும் செலுத்த நேர்ந்தது. இதனைக் குறும்பு என்று விட்டுவிடலாம்.

1990 களில் அமெரிக்கச் சஞ்சிகைகளில் வெளிவந்த அராக்கி யசுசாதா என்பவரின் கவிதைகளை அவ்வாறு விட்டுவிட முடியாது. ஹிரோஷிமாவில் அணுகுண்டினால் மனைவியையும் மகளையும் இழந்து உயிர்தப்பியவர் என்று அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். வாசகர்கள் கண்கலங்கினர். பின்னர் ஐயம் எழுந்தது. 1949 இல் நிறுவப்பட்ட ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பயின்றதாக வாழ்க்கைக் குறிப்பு கூறியது. யசுசாதா என்று ஒருவர் இருக்கவில்லை. அக்கவிதைகளுக்குப் பின்னால் இருந்தவர் கென்ற் ஜோன்சன் என்ற அமெரிக்கர் என்றே பலரும் கருதினர். அவர் அதனை ஏற்காமல், பெயர் வெளியிட விரும்பாத வேறொருவரைச் சுட்டினார். 2015 இல் இன்னொரு சம்பவம். அந்த ஆண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகளின் தொகுப்பில் யீ-ஃபென் சௌ என்ற சீனப் பெயரில் ஒரு கவிதை இடம்பெற்றது. எழுதியவர் மைக்கல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளையர். சொந்தப் பெயரில் 40 தடவைகள் நிராகரிக்கப்பட்ட கவிதையை அந்தப் பெயரில் அனுப்பியதாக அவரே தெரிவித்தார்.

இவற்றைப் பெசோவாவோடு ஒரே தட்டில் வைப்போர் உளர். கற்பனை என்றால் எல்லாம் கற்பனைதானே என்பது அவர்களது வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. கையெய்ரோ எவருடைய சாட்சியத்தையும் தமதாக்கிக் கொள்ளவில்லை. மரத்தை இப்படியும் பார்க்கலாம் என்று மட்டுமே கூறினார். ஆசிரியர் யாரென்று தெரிந்த பின்னரும் அக்கவிதை அப்படியே நிற்கிறது. யசுசாதாவின் கவிதையோ, நான் அங்கே இருந்தேன், நான் இழந்தேன் என்ற உறுதிமொழியின் மீது எழுப்பப்பட்டது. அந்த உறுதிமொழி பொய்யானதும், அதன் எடையைச் சுமந்திருந்த வேறு மனிதர்களின் உண்மையான இழப்பும் ஐயத்துக்குள்ளாகிறது. ஹிரோஷிமாவிலிருந்து தப்பிய உண்மையான கவிஞர்கள் இருந்தார்கள், எழுதினார்கள்.

இழப்பின் சாட்சியங்களை இன்றும் கையிலேந்தி அலையும் மக்கள் வாழும் நாட்டில் இந்த வேறுபாடு ஏட்டளவிலானதல்ல. இங்கு ஒரு பெயரைக் கேட்டதும் அதற்குரியவரின் இனத்தையும் மதத்தையும், பல வேளைகளில் ஊரையும் கூட ஊகித்துவிடுகிறோம். பத்திரிகைக்கு வரும் கவிதையில் வாசகர் கண் முதலில் விழுவதும் தலைப்பிலன்று, பெயரில்தான். 2009 இல் முடிவடைந்த யுத்த காலத்தில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையின் பெயர் உரத்து வாசிக்கப்படும்போது நெஞ்சு படபடக்காதவர் எவர்? அக்காலத்தில் வேறு பெயரில் எழுதிய நம்மவர் பலருக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. உயிர்ப் பாதுகாப்பாக இருந்தது. அப்பெயர்களுட் சிலவற்றுக்கு உரியவர்கள் யாரென்பது இன்றுவரை வெளிவரவில்லை. பெசோவாவுக்கு அத்தகைய அச்சுறுத்தல் எதுவும் இருந்ததில்லை. எவரும் துரத்தாத ஒருவர், தாமாகவே தம்மைப் பலராகப் பகிர்ந்துகொண்டார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அவர் இறந்த பின்னர் 1940 களில் காம்போஸ், கையெய்ரோ, ரெயிஸ் ஆகியோரின் கவிதைகள் தனித்தனி நூல்களாயின. பெட்டியில் இருந்த தாள்களைப் போர்த்துக்கல் தேசிய நூலகம் 1979 இற் பெற்றுக்கொண்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜொசே சரமாகோ, 1984 இல் வெளியிட்ட நாவலில், பெசோவா மரணத்தேதி குறிக்காமல் பிரேசிலில் விட்டுவைத்திருந்த ரெயிஸை லிஸ்பனுக்குத் திரும்ப அழைத்து வந்தார். 1985 இல், மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றபோது, பெசோவாவின் எச்சங்கள் லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு மாற்றப்பட்டன. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்குதான் உள்ளது. பெசோவாவின் நினைவுத்தூணில் கவிதை வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே காணப்படும் பெயர்கள் கையெய்ரோ, ரெயிஸ், காம்போஸ்.